மீதி மின்சாரம்

அது ஓடியிருக்கவே கூடாது.

பொத்தானை அழுத்தியதும் விசிறிகள் மெல்ல மூச்சிழுத்துச் சுழலத் தொடங்கி, பச்சை விளக்கு எரிந்து, திரையில் வெளிச்சம் பரவியபோது போஷுனுக்கு முதலில் வந்தது சந்தோஷம்தான். ஆனாலும் உள்ளே எங்கோ சின்னதாக ஒரு நெருடல். பாகம் பாகமாக அவனே தேர்ந்தெடுத்துச் சேர்த்த கணினி அது. எந்த மதர்போர்டில் எந்தப் பிராசஸர் உட்காரும், அதோடு எந்த ராம் ஒத்துப்போகும், அவ்வளவு நீளமான கிராபிக்ஸ் கார்டு கேபினெட்டுக்குள் அடங்குமா என்று, பெண்ணுக்கு ஜாதகம் பார்ப்பதைக்காட்டிலும் கவனமாகப் பொருத்தம் பார்த்திருந்தான். எல்லாம் பொருந்தின, பவர் சப்ளையைத் தவிர. சொல்லி வைத்த புதியது புயலால் வந்து சேரவில்லை. பழைய கணினியிலிருந்து கழற்றி மாட்டியதோ, இந்தக் கார்டு கேட்கும் மின்சாரத்தில் பாதியைத்தான் தரும்.

அடுக்குமாடி வீடுகளைக் கட்டும் முன்பே கட்டி முடித்ததுபோல் படமாக்கிக் கொடுப்பது அவன் தொழில். அன்று மாலைக்குள் ஒரு படம் போயாக வேண்டும். தைப்பே நகரம் முழுவதற்கும் புயல் விடுமுறை விட்டிருந்தார்கள். அவனுக்கு வேலை கொடுத்தவர் மட்டும் விடவில்லை. காலையிலேயே, குவாங்ஹுவா சந்தையில் கணினி பாகக் கடை வைத்திருக்கும் லாயைப் போனில் பிடித்திருந்தான்.

"லாய் அண்ணே, பழைய சப்ளையை வச்சு இன்னிக்கு ஒரு நாள் ஓட்டிக்கலாமா?"

"ஓட்டலாமே. ஸ்கூட்டர் இன்ஜினைக் கழட்டி பஸ்ஸுல மாட்டி ஓட்டுற மாதிரி." லாய் வாயில் எதையோ மென்றுகொண்டே சிரித்தான். "டேய், கார்டு வேலைய ஆரம்பிச்சதும் பொட்டுனு அணைஞ்சுடும். அது கேக்குற மீதிய நீ எங்கேர்ந்து குடுப்ப?"

"இன்னிக்கு மட்டும்தானே அண்ணே."

"அப்ப பச்சைப் பொட்டலம் ஒண்ண வச்சுக் கும்பிட்டுக்கோ. மறக்காம அதுமேல மெஷின் பேர எழுது. பேரில்லாம வச்சா, யாரைச் சமர்த்தா இருக்கச் சொல்றோம்னு அதுக்கு எப்படித் தெரியும்?"

லாய் கேலிக்குச் சொன்னாலும் அது கேலி இல்லை. அந்த ஊரில் வங்கியின் பணம் தரும் இயந்திரமானாலும் சரி, போஷுனின் மனைவி ஷின்ரூ நர்ஸாக இருக்கும் தீவிர சிகிச்சைப் பிரிவின் சுவாசக் கருவியானாலும் சரி, மக்கர் செய்யாமல் ஓடுவதற்காக அதன் தலையில் ஒரு பச்சைப் பொட்டலம் இருக்கும். தேங்காய் வாசனையுள்ள சோளப் பொரி. பிள்ளைகளிடம் சொல்வதுபோல் 'சமர்த்தா இரு' என்று அதன்மேல் அச்சடித்திருக்கும். பிரிக்கக் கூடாது, தின்னக் கூடாது. பச்சை தவிர வேறு நிறம் ஆகாது.

லாய் சொன்னதுபோலவே காலை முழுக்கக் கணினி ஒவ்வொரு முறையும் பொட்டென்று அணைந்தது. கடைகள் எல்லாம் இழுத்து மூடியிருந்தன. அப்போதுதான் மகள் லேலேயின் பள்ளிப் பையில் ஒரு பச்சைப் பொட்டலம் இருப்பது நினைவுக்கு வந்தது. பாலர் பள்ளியில் பென்சிலிலிருந்து செருப்புவரை எல்லாவற்றிலும் ஒட்டுகிற பெயர்ச் சீட்டு அதிலும் இருந்தது: ஜியாங் லேயு, லேலேயின் முழுப் பெயர். கார்ட்டூன் முயல் படத்தோடு. நகத்தால் சுரண்டிப் பார்த்தான். ஓரம் கிழிந்ததே ஒழிய உரிந்து வரவில்லை. போகட்டும் என்று விட்டுவிட்டான். அவனுக்கு எல்லாவற்றிலும் அவசரம்.

"ப்பா! அது டீச்சர் எனக்குக் குடுத்தது!" ஐந்து வயதுக்காரி அவன் கால்சட்டையைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

"சமர்த்தா இருடீ. வேலை முடிஞ்சதும் தரேன்."

அவளைக் கூடத்தில் வண்ணப் பென்சில்களின் நடுவே உட்கார வைத்துவிட்டு வந்து, பொட்டலத்தைக் கேபினெட்டின் தலையில் வைத்துப் பொத்தானை அழுத்தினான். ஓடியது. வேலையைத் தொடங்கினான். அணையவே இல்லை. கார்டு முழு வேகத்தில் உறுமிக்கொண்டு ஓட, திரையில் இன்னும் கட்டாத வீட்டின் சுவர்கள் ஒவ்வொன்றாக எழுந்தன.

கொஞ்ச நேரம் கழித்துத்தான் கவனித்தான். கூடத்தில் அழுகை நின்றிருந்தது. தேம்பலாகி, முனகலாகி ஓயவில்லை. நடுவிலேயே நின்றிருந்தது.

நல்லதாய்ப் போயிற்று என்றுதான் நினைத்தான். வெளியே காற்று ஜன்னல்களைப் பிடித்து உலுக்கிக்கொண்டிருந்தது. பிற்பகலிலேயே வானம் சாம்பல் பூத்து இருண்டு, தம்ஸுய் ஆற்றின் எதிர்க்கரையில் எல்லா வீடுகளிலும் விளக்கு போட்டிருந்தார்கள். அந்த இரைச்சலுக்குள்ளும் கணினியின் விசிறிச் சத்தம் தனியாக, சீராக, சற்று ஈரமாகக் கேட்டது. கேபினெட்டின் பின்பக்கத்திலிருந்து வெதுவெதுப்பான காற்று அவன் முழங்காலில் மோதியது. புதுக் கணினிக்கு ஒரு வாசனை உண்டு, சூடான பிளாஸ்டிக்கும் உலோகமும் கலந்தது. இதில் அது இல்லை. குனிந்து முகர்ந்தான். பால். வியர்வை. பிள்ளை தூங்கும்போது உச்சந்தலையில் வருமே, அந்த வாசனை.

"லேலே?"

எழுந்து போய்ப் பார்த்தான். விட்டுவந்த இடத்திலேயே உட்கார்ந்திருந்தாள். வாய் திறந்திருந்தது. கன்னத்தில் இறங்கிய கண்ணீர் பாதி வழியில் நின்றிருந்தது. கையைத் தொட்டான். மழை நாளின் தரைபோல் சில்லென்றிருந்தது.

"லேலே! விளையாடாதடீ."

கண்கள் அசையவில்லை. ஷின்ரூவை அழைக்கப் போனை எடுக்க ஓடினான். போன் கணினி மேசையில் இருந்தது. மேசையில் மோதிய வேகத்தில் கை விசைப்பலகையில் பட்டு, வேலை இடையில் நின்றது. கார்டின் உறுமல் தணிந்தது.

"...எனக்குத்தான் குடுத்தாங்க!" என்று கூடத்திலிருந்து கத்தினாள் லேலே. அழுகை விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தது.

போஷுன் அப்படியே நின்றான். பொட்டலத்தைப் பார்த்தான். முயல் படம். மகளின் பெயர்.

அது கேக்குற மீதிய நீ எங்கேர்ந்து குடுப்ப?

இருக்காது என்று சொல்லிக்கொண்டான். இருக்காது என்றால் சோதித்துப் பார்ப்பதில் என்ன தவறு? விரலை நீட்டி வேலையைத் தொடர விட்டான்.

"ப்பா, பசிக்..."

கார்டின் உறுமல் மட்டும் கேட்டது.

நிறுத்தினான்.

"...குது. கண்ணு இருட்டுது, ப்பா."

இனி சோதிக்க ஒன்றும் இல்லை. இருந்தும் அவன் பார்வை திரையை விட்டு விலகவில்லை. கொஞ்சம்தான் மிச்சம். ஒரு படுக்கையறை, ஒரு பால்கனி. இதைவிட்டால் வேலை அடுத்தவன் கைக்குப் போய்விடும். இதுவரை நிறுத்தும்போதெல்லாம் திரும்பி வந்துவிட்டாளே. ஒன்றும் ஆகவில்லையே. இன்னும் கொஞ்ச நேரம். அவ்வளவுதான். பாவி, பெற்ற பிள்ளையிடம் கொஞ்ச நேரம் கடன் கேட்டான்.

எழுந்து போய்க் கூடத்துக் கதவைச் சாத்தினான். சாத்தும்போது அவளைப் பார்க்கவில்லை. திரும்பி வந்து விரலை வைத்தான்.

உறுமல். பால் வாசனை அடர்ந்தது. அறை முழுக்க. திரையில் படுக்கையறை எழுந்தது, ஜன்னல் வந்தது, ஜன்னலில் வெயில் வந்தது. பால்கனியில் ஒரு குழந்தை நாற்காலி வந்தது. அதை அவன் வரையவில்லை. நாற்காலி காலியாக இருந்தது. முகத்தைத் திருப்பிக்கொண்டான். எவ்வளவு முடிந்தது என்று காட்டும் கோடு நகர்ந்தது. நகர்ந்தது. முடிந்தது.

அனுப்பினான். கணினியை அணைத்தான்.

விசிறிகள் வேகம் குறைந்தன. கதவுக்குப் பின்னால் அதே நேரம் ஒரு பெருமூச்சு கேட்டது. நீளமாக. விசிறியோடு சேர்ந்து இறங்கியது. விசிறி நின்றது.

அதுவும் நின்றது.

கதவைத் தள்ளிக்கொண்டு ஓடினான். லேலே பக்கவாட்டில் சரிந்து கிடந்தாள். மார்பு அசையவில்லை. மூக்கருகே விரலை வைத்தான். ஒன்றுமில்லை. தூக்கினான், தலை பின்னால் விழுந்தது. "லேலே, அப்பா நிறுத்திட்டேன்டா, அணைச்சுட்டேன்டா." கன்னத்தில் தட்டினான். "எழுந்திரு, கண்ணு." ஒன்றுமில்லை.

அவளைச் சுமந்துகொண்டே அறைக்கு ஓடி முழங்காலால் பொத்தானை அழுத்தினான்.

விசிறி சுழன்றது.

தோளில் கிடந்தவள் மூச்சை இழுத்தாள்.

அவன் கை தன்னால் பொட்டலத்துக்குப் போயிற்று. அரை விரல் உயரம்தான் தூக்கினான். விசிறி தடுமாறியது. தோளில் ஒரு விக்கல். பொத்தென்று வைத்துவிட்டான்.

போன் அடித்தது. ஷின்ரூ.

"பாலத்த மூடிட்டாங்க, நாளைக்குத்தான் வர முடியும். இங்க ஜெனரேட்டர் இருக்கு, பயமில்ல. அங்க எப்படி? லேலே சமர்த்தா இருக்காளா?"

"இருக்கா," என்றான்.

"சத்தத்தையே காணோமே. அவகிட்ட குடு."

போனை மகளின் வாயருகே பிடித்தான். மூச்சு வந்தது, போயிற்று. ஒரே அளவு. ஒரே ஒலி.

"அவகிட்ட குடுன்னா விசிறிகிட்ட வைக்கிற பாரு," என்று சிரித்தாள் ஷின்ரூ. "சரி சரி, மெழுகுவத்திய எடுத்து வை. ஒவ்வொரு பகுதியா கரண்ட் போய்க்கிட்டே வருதாம்."

இணைப்பு அறுந்தது.

மகளைத் தோளோடு அணைத்துக்கொண்டு ஜன்னலுக்குத் திரும்பினான். ஆற்றின் எதிர்க்கரையில் விளக்கே இல்லை. கரை முழுக்கக் கறுப்பு. அவன் பார்த்துக்கொண்டிருக்கும்போதே பாலத்து விளக்குகள் அந்த முனையிலிருந்து ஒவ்வொன்றாக அணைந்துகொண்டு வந்தன.

லேலே மூச்சை இழுத்தாள். விட்டாள்.

இந்தக் கரை மருந்துக்கடைப் பலகை அணைந்தது. பள்ளிக்கூடம். சந்து விளக்கு.

இழுத்தாள்.

எதிர்வீட்டு ஜன்னல் அணைந்தது.