கழுத்து... கயிறு... கதவு!

"ஹலோ, போலீஸ் கன்ட்ரோல் ரூமா? ஒரு பொம்பளையைக் கொல்லப் போறாங்க சார்!"

"எங்கே?"

"தெரியாது சார்."

"பொம்பளை பேரு?"

"பேரு... மழைத்துளி."

மறுமுனையில் ஒரு பெருமூச்சு.

"கொல்லப் போறது யாரு? இடியா, மின்னலா?"

போன் வைக்கப்பட்டது!

லிப்ட் மெக்கானிக் கட்டிலில் கிடந்தபடியே பல்லைக் கடித்தான். இரண்டு காலிலும் மாவுக்கட்டு. ஆறு வாரத்துக்கு முன் லிப்ட் குழிக்குள் விழுந்ததன் பலன். வீட்டில் அவனும் அக்காவும்தான். அக்கா தையல் கம்பெனிக்குப் போயிருந்தாள். சாயங்காலம்தான் வருவாள்.

மணி பகல் பதினொன்றே கால்.

படுக்கையில் அவனுக்கு இருந்த ஒரே துணை, இணையத்தில் ஒரு குரூப். 'சொல் சங்கிலி'. ஒருவர் ஒரு தகவல் சொல்வார். அடுத்தவர் அதிலிருந்து ஒரு சொல்லை உருவி, இன்னொரு சொல்லில் முடிச்சுப் போட்டு, துளியும் சம்பந்தமில்லாத வேறு தகவலுக்குத் தாவ வேண்டும். அவ்வளவுதான் ஆட்டம்.

அங்கே அவன் பெயர் ஏணி. அவனுக்கு ஈடுகொடுத்து ஆடுகிறவள் மழைத்துளி. முகம் தெரியாது. இதே ஊர் என்பது மட்டும் தெரியும்.

கால் மணி நேரத்துக்கு முன் அவன்தான் ஆரம்பித்தான்.

'ஒட்டகச்சிவிங்கிக்குக் கழுத்தில் ஏழே எலும்பு. நமக்கும் ஏழுதான்!'

'கழுத்து, கயிறு,' என்று வந்தாள் மழைத்துளி. 'ஒருமுறை பலமாக இழுபட்ட கயிற்றை மலையேறுகிறவர்கள் மறுபடி நம்ப மாட்டார்கள்.'

'கயிறு, முடிச்சு. ஒரு காலத்தில் கயிற்றில் முடிச்சுப் போட்டுத்தான் கப்பலின் வேகத்தை அளந்தார்கள்.'

'முடிச்சு, கதவு. என் அறைக் கதவு வெளியே பூட்டியிருக்கிறது.'

மெக்கானிக்கின் புருவம் சுருங்கியது.

இது தகவல் இல்லையே!

தனியாகக் கேட்டான். 'என்னாச்சு?'

'என் புருஷன். கொன்னுடுவான். போனை அப்பப்ப வாங்கிப் பாக்கறான். ஆட்டம்னாதான் விடுவான். நிறுத்தாதே... ஆடு!'

படித்து முடிப்பதற்குள் அந்தச் செய்தி அழிக்கப்பட்டது.

அப்போதுதான் போலீசுக்குப் போன் போட்டான். இடி மின்னல் என்று கிண்டல் வாங்கிக்கொண்டான்.

அடுத்து அக்கா.

"அக்கா மிஷின்ல இருக்காங்க," என்றது ஒரு பெண் குரல். "போனெல்லாம் லாக்கர்ல. என்ன அவசரம்?"

"ஒரு... ஒரு உயிர்ங்க!"

"உங்க உயிரா?"

"இல்லை..."

"அப்ப ஒரு மணிக்கு, சாப்பாட்டு நேரத்துல சொல்றேன்."

டொக்!

ஆட்டத்துக்கே திரும்பினான். இடம் தெரிய வேண்டும்!

'கதவு, மாடி. சில உயரமான கட்டடங்களில் பதிமூன்றாம் மாடிக்கு அந்த எண்ணைப் போட மாட்டார்கள்.'

ஒரு நிமிடம். இரண்டு நிமிடம்...

'மாடி, லிப்ட். எல்லா மாடியிலும் ஒழுங்காக நின்று, மூன்றில் மட்டும் ஒரு சாண் கீழே நிற்கிற லிப்ட் ஒன்று உண்டு.'

அவனுக்குத் தூக்கிவாரிப் போட்டது.

அந்த லிப்டை அவன் நாலு தடவை ரிப்பேர் பார்த்திருக்கிறான்! ஐஸ் பேக்டரிக்குப் பின்னால் இருக்கிற மஞ்சள் கட்டடம். மூன்றாம் மாடியில் இரண்டே வீடு!

படபடப்பில் போன் நழுவியது. தரையில் விழுந்து, வழுக்கி, பீரோவுக்கு அடியில் போய்ச் சொருகிக்கொண்டது.

'டிங்!'

அவள்தான்.

'டிங்! டிங்!'

எட்டவில்லை. கட்டிலிலிருந்து உருண்டான். கால்கள் இரண்டும் மரக்கட்டையாய்க் கூட வந்து விழுந்தன. வலியில் கண் இருட்டியது. முழங்கையை ஊன்றி ஊன்றி, எட்டடி தூரத்தை இருபது நிமிடத்தில் கடந்தான்.

கடைசிச் செய்தி காத்திருந்தது.

'லிப்ட், மூச்சு. மனிதனால் மூச்சில்லாமல்...'

பாதியில் நின்றிருந்தது.

கட்டுப்படுத்த முடியாமல் அழுதான். தரையில் கிடந்தபடியே மறுபடி கன்ட்ரோல் ரூம்.

"இப்ப விலாசம் இருக்கு சார்! வைக்காதீங்க... உங்க கால்ல விழறேன்! ஏற்கெனவே தரையிலதான் கிடக்கேன் சார்!"

இம்முறை போன் ஒரு பெண் இன்ஸ்பெக்டரிடம் போனது. அவள் முழுசாகக் கேட்டாள். ஜீப் கிளம்பியது.

பன்னிரண்டரைக்கு அவளே கூப்பிட்டாள்.

"பொண்ணு உயிரோட இருக்கா. கழுத்துல கயித்துத் தடம்."

"அப்பாடா! புருஷன்?"

"செத்துட்டான். கயித்தைப் போட்டு இறுக்கியிருக்கான். இவ பிடிச்சுத் தள்ளியிருக்கா. குளியலறைக் குழாய்ல மண்டை மோதியிருச்சு. தற்காப்பு. உங்க சாட்சி வேணும்."

சாயங்காலமே வீட்டுக்கு வந்து வாக்குமூலம் வாங்கினார்கள். ஒரு சொல் விடாமல் கொடுத்தான். பக்கத்தில் நின்ற அக்காவுக்குத் தம்பியைப் பற்றி முதல்முறையாகப் பெருமை பிடிபடவில்லை.

மூன்றாம் நாள் காலையில் இன்ஸ்பெக்டர் மறுபடி வந்தாள். உட்காரவில்லை.

"அன்னிக்கு ஆட்டம் எத்தனை மணிக்கு ஆரம்பிச்சுது?"

"பதினொண்ணுக்கு மேடம்."

"அவ புருஷன் கையில கட்டியிருந்த வாட்ச், நாடித்துடிப்பைப் பதிவு பண்ற ரகம். நேத்துதான் பிரிச்சுப் பார்த்தோம். துடிப்பு எட்டு பத்துக்கு நின்னுருக்கு."

"எட்டு பத்து... ராத்திரியா?"

"காலையில!"

மெக்கானிக் விரல் விட்டு மணியைக் கணக்குப் போட்டான்.

"அப்போ... என்கூட ஆடினப்ப?"

"பக்கத்துல பொணம். கழுத்துத் தடம் அவளே போட்டுக்கிட்டது. செத்த நேரம் தெரியாம இருக்க, உடம்பு ஆறிடக் கூடாதுன்னு வெந்நீர்த் தொட்டியில கிடத்தியிருக்கா. தள்ளினதுல மண்டை மோதி, தொட்டிக்குள்ளேயே விழுந்துட்டான்னு சொன்னா. நாங்களும் நம்பினோம்."

"அந்த ஆள் கொடுமைக்காரன் இல்லையா மேடம்?"

"பக்கத்து வீட்டுல கேட்டோம். சத்தமாத் தும்மக்கூட மாட்டாராம்."

"ஆனா அந்த லிப்ட்..."

"போன மாசம் அந்த லிப்டைப் பத்தி குரூப்புல பக்கம் பக்கமாப் புலம்பினது யாரு? சாட்சிக்கு ஆள் தேடினவளுக்கு நீங்களே விண்ணப்பம் போட்டிருக்கீங்க."

அக்கா தலையில் கை வைத்தாள்.

"இப்ப அவ எங்கே மேடம்?" என்றான் அவன், செத்த குரலில்.

"உங்க வாக்குமூலத்தை நம்பி நாங்கதான் விட்டோம். அம்மா வீட்டுக்குப் போறேன்னா. ஜீப்புல கூட்டிட்டுப் போய், ஜன்னலோர சீட்டாப் பாத்து ரயிலேத்தி விட்டோம். அப்படி ஒரு அம்மாவே கிடையாதாம்!"

அவன் முகத்தை மூடிக்கொண்டான். தோள்கள் குலுங்கின.

"ஒரு உயிரைக் காப்பாத்தறதா நெனச்சேன் மேடம்... இனிமே நான் என்ன பண்றது?"

வாசல் வரை போன இன்ஸ்பெக்டர் தொப்பியை மாட்டிக்கொண்டே திரும்பினாள்.

"சதுரங்கம் ஆடுங்க. அதுல ராணி ராஜாவை விட்டுட்டு எந்தப் பக்கம் ஓடறான்னு கண்ணுக்கு நேரா தெரியும்!"