கூவாத பெட்டி

வெள்ளிக்கிழமை, காலை 7.12.

விநாயக் மருந்துக் குப்பியை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தான். தண்ணீர் போலத் தெளிவாக இருக்க வேண்டிய மருந்தில் வெள்ளைத் துகள்கள் மிதந்தன.

"போச்சு மேடம். இதை ஏத்த முடியாது."

கட்டிலில் கையை நீட்டிக் காத்திருந்த ஒன்பது வயது மேகனா கையை மடக்கிக்கொண்டாள். அவளுடைய அம்மா சம்பங்கி சுவரோரம் போய் நின்றுகொண்டாள்.

ஷோபா குப்பியை வாங்கிப் பார்த்தாள். பிறந்தது தங்க வயலின் இதே சாம்பியன் ரீப்ஸ் பகுதியில். இப்போது பெங்களூரில், இந்த மருந்தைத் தயாரிக்கும் கம்பெனியில் ஆய்வு அதிகாரி. லட்சத்தில் ஒருவருக்கு வரும் நோய் மேகனாவுக்கு. உடம்பில் ஒரு நொதி சுரக்காததால் தசைகள் மெல்ல மெல்லச் சோர்ந்துபோகும். மருந்து இரண்டு வாரத்துக்கு ஒரு முறை ஏற வேண்டும். அடுத்த மாதம் நாடு முழுவதும் விற்பனைக்கு வருகிறது.

மருந்தைச் செய்துவிட்டால் மட்டும் போதாது. அதைக் குளிர் குறையாமல் வீடு வரை கொண்டுபோக வேண்டும், ஏற்ற வேண்டும், நோயாளி போன் செய்தால் எடுக்க வேண்டும். அதற்கென்று ஓர் உதவி நிறுவனத்தைத் தேர்ந்தெடுப்பது ஷோபாவின் பொறுப்பு. போட்டியில் இரண்டு நிறுவனங்கள். விநாயக் வேலை பார்க்கும் 'சுபர்ணா கேர்' பெங்களூரில் ஐந்து மாடிக் கட்டடம். 'கைத்துணை' தங்க வயலிலேயே மூன்று பேர் நடத்துவது. தங்க வயலில் ஆளுக்கு நான்கு வீடுகள், மூன்று மாதச் சோதனை. இன்று கடைசி நாள்.

"பெட்டியைக் கொடுங்க" என்றாள்.

வெள்ளை பிளாஸ்டிக் பெட்டி. போன வெள்ளியன்று விநாயக்கே கொண்டுவந்து, எண்ணிட்ட முத்திரை போட்டு, இந்த வீட்டு ஃபிரிட்ஜில் வைத்தது. சற்று முன் ஷோபாவின் கண்ணெதிரில்தான் முத்திரையை வெட்டினான். தோளில் ஊசிப் பையும் கையில் நீல நிற ஐஸ் பையுமாக வந்தவன், இரண்டையும் காலடியில் வைத்துக் குனிந்து பெட்டியைத் திறந்தான். முதலில் வெப்பம் பதியும் சிப்பை எடுத்து அவளிடம் நீட்டினான்.

சிப்பில் பதிந்ததை போனில் இறக்கிப் பார்த்தாள். ஏழு நாளும் நான்கு டிகிரி. ஸ்கேல் வைத்து இழுத்த மாதிரி நேர்க்கோடு.

"குளிர்ல ஒரு குறையும் இல்ல பாருங்க. குலுக்கினாலும் இந்த மருந்து கெடும். குழந்தை இருக்கிற வீடு" என்றபடி விநாயக் ஒரு படிவத்தை எடுத்தான். காரணம் என்ற கட்டத்தில் 'குடும்பத்தின் அலட்சியம்' என்று எழுதினான். "சைன் பண்ணுங்க மேடம்."

அந்தக் கையெழுத்து விழுந்தால் இலவச மருந்துப் பட்டியலிலிருந்து மேகனாவின் பெயர் போய்விடும். மூன்று மாதம் முன்பு அவளை இடுப்பில் தூக்கிக்கொண்டுதான் பள்ளிக்கூடம் போனாள் சம்பங்கி. இப்போது பெண் நடந்து போகிறாள்.

"அவசரப்படாதீங்க" என்றாள் ஷோபா. "சம்பங்கி, பெட்டியை யாராவது வெளிய எடுத்தாங்களா?"

"இல்லீங்க."

"நேத்து யாராவது வந்தாங்களா?"

"யாரும் வரல."

"ஃப்ரெடி அண்ணன் வந்தாரே" என்றாள் மேகனா.

சம்பங்கி மகளை ஒரு பார்வை பார்த்தாள். விநாயக் சிரித்தான். "கைத்துணை ஃப்ரெடியா? அவருக்கு எங்க பேஷண்ட் வீட்ல இன்னா வேலை? ஆய்த்து, நான் வேற சொல்லணுமா மேடம்?"

ஷோபா பெட்டியைத் தலைகீழாகத் திருப்பினாள். அடியில் மாம்பழ நிறத்தில் ஒரு காகிதத் துணுக்கு ஒட்டியிருந்தது.

"டிபன் சாப்பிட்டுப் போங்க. உப்புமாதான். நேத்து மாவு அரைக்கல" என்றாள் சம்பங்கி, தரையைப் பார்த்தபடி.

ஷோபா அடுப்படிப் பக்கம் திரும்பினாள். கிரைண்டர் பக்கத்தில் ஒரு குண்டானில் ஊறவைத்த அரிசியும் உளுந்தும் நேற்றிலிருந்து அப்படியே கிடந்து புளித்து நாறின.

காலை 8.05. கடைத்தெரு.

துளசிராமன் கடை வாசலில் ஃப்ரெடி டீ குடித்துக்கொண்டிருந்தான். கைத்துணையின் மூன்று பேரில் ஒருவன்; தங்க வயலின் ஸ்கெலட்டன் பகுதி ஆள்.

"நேத்து சம்பங்கி வீட்டுக்குப் போனீங்களா?"

"போனேன் மேடம்."

"எத்தனை மணிக்கு?"

"பன்னெண்டரை இருக்கும்."

"பெட்டியைத் தொட்டீங்களா?"

"தொடல. அது அவங்க பேஷண்டு. தொட்டா நீங்களே என்னைப் புடிச்சிக்குவீங்க."

"பின்ன எதுக்குப் போனீங்க?"

ஃப்ரெடி டீயைப் பார்த்தான். "அதை அந்தக்காவைக் கேளுங்க. சொல்ல மாட்டேன்னு வாக்கு குடுத்துட்டேன்."

"உங்க நாலு வீட்டுச் சிப்பும் என்ன சொல்லுது?"

போனை நீட்டினான். நான்கு வீடுகளுக்கும் நேற்றைய கோடு காலை பத்துக்கு மேலே ஏறி, ஆடி ஆடி இறங்கியிருந்தது.

"ரொம்ப மோசமா இருக்கே."

"மோசந்தான். பத்துல இருந்து நாலு வரைக்கும் லைன் வேலைன்னு கரண்ட்ட புடுங்கிட்டான். சூடு ஏறினதும் சிப்பு கூவிச்சு, நாலு வீட்டுலயும் போன் பண்ணாங்க, ஐஸ் எடுத்துக்கினு ஓடினேன். கோடு அழகா வரணும்னா நீங்க வேற ஊரைத்தான் பார்க்கணும் மேடம்."

ஷோபா அவனை விட்டுக் கடைக்குள் பார்த்தாள். ஐஸ்கிரீம் பெட்டியின் கண்ணாடிக்கு அடியில் மாம்பழ நிற உறைகள். பின்கட்டில் ஒரு ஜெனரேட்டர்.

"துளசிராமண்ணே, நேத்து இதுக்குள்ள வெள்ளைப் பெட்டி ஒண்ணு இருந்துச்சா?"

துளசிராமன் கல்லாவைத் துடைக்க ஆரம்பித்தார். "நான் ஒண்ணும் கண்டுக்கலம்மா."

"அந்தக் குழந்தைக்கு இனிமே மருந்து வராதுண்ணே."

துணியைக் கீழே வைத்தார். "சம்பங்கி ஒரு மணிக்கு வந்து அழுதுச்சு. வெச்சுக்கோன்னேன். நாலு மணிக்கு எடுத்துக்கினு போச்சு. நல்லதுன்னு நெனச்சுதாம்மா பண்ணேன்."

காலை 8.40. சம்பங்கி வீடு.

விநாயக் படிவத்தோடு காத்திருந்தான். ஷோபா நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். ஃப்ரெடி கதவோரம் நின்றான்.

"மருந்து உறைஞ்சுதான் கெட்டிருக்கு" என்றாள். "ஐஸ்கிரீம் பெட்டியில மூணு மணி நேரம்."

சம்பங்கி முகத்தைப் பொத்திக்கொண்டாள். "பேரை எடுத்துடுவாங்கன்னுதான் சொல்லல. ஃப்ரிட்ஜ் ஆஃப் ஆயிடுச்சு. ஐஸோட தெருவுல போன இந்தத் தம்பியைக் கூப்பிட்டேன், யார்கிட்டயும் சொல்லாதேன்னேன். தம்பி, உங்க கம்பெனிக்குப் போன் பண்ணுக்கான்னு சொல்லிட்டுப் போச்சு. நாலு தடவை பண்ணேன். பாட்டு போட்டான். இங்கிலீஷுக்கு ஒண்ணு, இந்திக்கு ரெண்டு அழுத்துன்னான். ரெண்டையும் அழுத்திப் பார்த்தேன்."

"நான் சொன்னேன்ல மேடம்?" விநாயக் பேனாவை நீட்டினான். "அலட்சியம்."

"அப்படின்னா ஒரு சந்தேகம். சம்பங்கி, பெட்டி கூவிச்சா?"

"கூவலக்கா. சூடு ஏறினாலும் உறைஞ்சாலும் கூவும்னு இவர்தான் சொன்னாரு. முத மாசம் ரெண்டு தடவை கூவிச்சு. அப்பறம் கூவவே இல்ல. நேத்தும் கூவல. அதான் மருந்து நல்லா கீதுன்னு நம்பிட்டேன்."

"ஆறு மணி நேரம் இந்தத் தெருவுலயே கரண்ட் இல்ல" என்றாள் ஷோபா. "அதுல மூணு மணி நேரம் பெட்டி ஐஸுக்குள்ள இருந்திருக்கு. சிப் பெட்டிக்குள்ள இருந்திருந்தா கோடு மேல ஏறியிருக்கணும், அப்பறம் குப்புன்னு கீழ விழுந்திருக்கணும். இதுல ஒரு நெளிவு கூட இல்ல. விநாயக், இந்தச் சிப் ஏழு நாளா எங்க இருந்துச்சு?"

"பெட்டிக்குள்ளதான். முத்திரை உடையலையே மேடம், நீங்களே பார்த்தீங்க."

"உடையல. உடைக்க வேண்டிய அவசியமே இல்ல. போன வெள்ளி நீங்க சிப் வைக்காமலே முத்திரை போட்டீங்க. இன்னைக்குக் குனிஞ்சு பெட்டியில இருந்து எடுக்கிற மாதிரி கொடுத்தீங்க. எனக்கு ஒண்ணே ஒண்ணுதான் உறுத்துச்சு. மருந்து இந்த வீட்டு ஃபிரிட்ஜுல இருக்கு. வெறும் ஊசி போட வர்றவருக்கு ஐஸ் பை எதுக்கு?"

விநாயக்கின் கால் நீலப் பையைக் கட்டிலுக்கு அடியில் தள்ளியது. ஷோபா குனிந்து எடுத்தாள். ஐஸ் கட்டிகளுக்கு நடுவே மூன்று சிப்புகள். ஒவ்வொன்றிலும் ஒரு நோயாளியின் பெயர்ச்சீட்டு. இன்று அவன் போக வேண்டிய மற்ற மூன்று வீடுகள்.

"உங்க ஆபீஸ் ஃபிரிட்ஜுக்கு இன்வெர்ட்டர் இருக்கு" என்றாள். "அங்க கோடு நெளியாது."

விநாயக் படிவத்தைக் கட்டிலில் வைத்தான். "முதல் மாசம் கோடு வளைஞ்சதுக்கே மேலிடத்துல கிழிச்சுட்டாங்க மேடம். ஒரு வளைவு வந்தா கான்ட்ராக்ட் போச்சுன்னாங்க. யாருக்கும் கெடுதல் பண்ணணும்னு இல்ல."

"நீங்க சிப்பை வெச்சிருந்தா, கரண்ட் போன கொஞ்ச நேரத்துலயே கூவியிருக்கும். ஐஸ்ல வெச்சதும் மறுபடி கூவியிருக்கும். இவங்க வெளிய எடுத்திருப்பாங்க. மருந்தைக் கெடுத்தது இவங்க இல்ல விநாயக், நீங்க."

படிவத்தில் 'குடும்பத்தின்' என்ற சொல்லை அடித்து, மேலே 'சுபர்ணா கேரின்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள். பிறகு ஃப்ரெடியிடம் திரும்பினாள்.

"எங்க பெங்களூர் ஆபீஸ்ல அவசரத்துக்கு ஒரு குப்பி இருக்கு. கொண்டுவர முடியுமா?"

"மத்தியானம் வண்டியில வந்துடும் மேடம். சிப்போட."

"என் பேரு இருக்குமா?" என்று கேட்டாள் மேகனா.

"இருக்கும்" என்றாள் ஷோபா.

மூன்று வாரம் கழித்து, செவ்வாய், காலை 11.10.

சாம்பியன் ரீப்ஸில் கரண்ட் போனது. 11.24க்கு சம்பங்கி வீட்டு ஃபிரிட்ஜுக்குள் பெட்டி கூவியது. எங்கே தூக்கிக்கொண்டு ஓடுவது என்று இந்த முறை அவள் யோசிக்கவில்லை. போனை எடுத்து எண்ணை அழுத்தினாள். பாட்டு வரவில்லை. இரண்டாவது மணியிலேயே ஃப்ரெடி எடுத்தான்.

"கூவுதாக்கா? ஃப்ரிட்ஜைத் தொறக்காத. ஐஸோட தெருமுனைக்கு வந்துட்டேன்."