இருநூறு கிராம் கருந்தூள்

2009 ஜூலை, புதன்கிழமை. காலை 8.10.

புனே தாபோடியில் இருந்த அந்த நைலான் இழை ஆலையின் சோதனைக்கூட அலமாரி திறந்து கிடந்தது. உள்ளே இருந்த கண்ணாடிக் குப்பி காலி. இருநூறு கிராம் கிராஃபீன் தூளைக் காணவில்லை. ஒரு தலைமயிரின் தடிமனுக்குள் ஆயிரக்கணக்கில் அடுக்கிவிடக்கூடிய கரித் தகடுகள் அவை. இருபது கிலோ நைலானில் கலந்து இழுத்தால் இழை லேசில் அறாது. அந்தக் கயிற்றைச் சோதிக்க மறுநாள் ராணுவ அதிகாரிகள் வருவதாக இருந்தார்கள்.

8.40. கேட்டில் எல்லார் முன்னாலும் நடந்த சோதனையில், நைலான் உருக்கும் உலையை ஓட்டும் முகமது இஸ்மாயிலின் சாப்பாட்டு டப்பாவில் கரும்பொடி சிக்கியது.

9.05. மேனேஜர் சந்தானத்தின் அறை. அவர் இந்த ஆலைக்கு வந்து இருபது நாள்தான் ஆகியிருந்தது. மேசைமேல் டப்பா திறந்திருந்தது. மேலே ஃபேன் முழு வேகத்தில் சுற்ற, காகிதங்கள் படபடத்தன. மூட்டை தூக்கும் பக்தவத்சலம் கூப்பிடாமலே உள்ளே வந்து நின்றார்.

"உனக்கென்ன இங்க வேலை?" என்றார் சந்தானம்.

"சாட்சி சொல்லணும் சார்."

"என்னத்தப் பாத்தே?"

"இன்னும் பாக்கல. இனிமேதான் பாக்கணும்."

சந்தானம் பல்லைக் கடித்தார். "பத்து மணிக்குப் போலீஸ் வருது. அவங்ககிட்ட சொல்லு உன் ஜோக்கை."

மூலையில் நின்ற இஸ்மாயில் பக்தவத்சலம் பக்கம் திரும்பினார். "ஜீப்புல ஏத்திட்டா, நான் குடியிருக்கற ஏரவாடாவுல எவன்ணே எனக்கு வீடு குடுப்பான்? பொண்ணுக்கு வேற பேசி முடிச்சிருக்கு."

"சும்மா இரு பாய்."

பக்தவத்சலம் டப்பாவைக் குனிந்து பார்த்தார். தூக்கி ஃபேனுக்கு நேராகப் பிடித்தார். பிறகு, சுவரோரம் நின்ற சோதனைக்கூட இன்ஜினியர் ஸ்ரீவத்சன் பக்கம் திரும்பினார்.

"குப்பியில தூளைப் போட்டது யாரு சார்?"

"நான்தான். நேத்து சாயங்காலம் ஆறு மணி. எடை போட்டு ரிஜிஸ்டர்ல எழுதிட்டுக் கொட்டினேன்."

"எது வரைக்கும் இருந்துச்சு?"

"பாதிக் குப்பி."

"அமுக்கி வச்சீங்களா?"

"எதுக்கு அமுக்கணும்? அப்படியே கொட்டினேன்."

"அப்ப ஃபேன்?"

"ஓடிட்டிருந்தது. புழுக்கம்ல? என்னய்யா கேள்வி இது?"

பக்தவத்சலம் டப்பாவை மேசைமேல் வைத்தார். அவசரப்படவில்லை.

"போன மாசம் இவருக்கு முன்னாடி லேப்ல இருந்த ரோஹிணி மேடம், பிரசவத்துக்குப் போறதுக்கு முன்னாடி, இதே இருநூறு கிராம் பண்ணாங்க சார். நான்தான் மாடிக்குத் தூக்கினேன். நாப்பது லிட்டர் டிரம்மு, மூடி வரைக்கும் தூளு. ஒத்தக் கையில தூக்கலாம், கனமே இல்ல. திறக்கறதுக்கு முன்னாடி ஃபேனை நிறுத்துன்னாங்க. மறந்துட்டேன். மூணு நாள் மூக்கைச் சிந்தினா கறுப்பு."

சந்தானம் புரியாமல் பார்த்தார். "அதனால?"

"நீங்க கிராமை மட்டும் படிச்சீங்க. கிராம் கொஞ்சம்தான், ஆனா தகடு பிரிஞ்சா தூளு டிரம்மு கொள்ளாது. அது எப்படி சார் அரைக் குப்பியில அடங்கும்? இந்த டப்பாவைப் பாருங்க. இம்மாங் காத்துக்குக் காகிதம் பறக்குது, பொடி அசையல. இது பிரியாத பென்சில் கரி. கிராஃபீன் களவே போகல. இருந்தாத்தானே போகும்?"

பக்தவத்சலம் ஸ்ரீவத்சனைக் கைகாட்டினார்.

"கொட்டினது தன் கையாலன்னு இன்ஜினியர் சாரே சொல்லிட்டாரு."

ஸ்ரீவத்சன் நாற்காலியைப் பிடித்துக்கொண்டான். "லேப் உலை ஆயிரம் டிகிரிக்கு ஏறல. அறுநூறுலயே நின்னுடுச்சு. தகடு விரியல. ரெண்டு வாரமா ரிஜிஸ்டர்ல ஆயிரம்னே எழுதிட்டேன். நாளைக்குக் கயிறு அறுந்தா எல்லாம் தெரிஞ்சுபோயிடும். தூளு காணாமப் போச்சுன்னா சோதனையே நின்னுடும்னு..."

"பாய் டப்பா எதுக்கு?" என்றார் பக்தவத்சலம்.

"அதுதான் கைக்கு எட்டுச்சு."

இஸ்மாயில் அவனை நிமிர்ந்து பார்த்தார். அடிக்கப் போகிறவர் போல ஓரடி வைத்து, நின்றார்.

9.55. வெளியே ஜீப் சத்தம். சந்தானம் எழுந்து சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டார். "சரி இஸ்மாயில், நீ வேலையைப் பாரு. இதை இத்தோட விட்டுடுவோம்."

இஸ்மாயில் நகரவில்லை.

"காலையில கேட்டாண்ட எல்லார் முன்னாடியும் என்னைத் திருடன்னு, 'சோர்'னு இந்தியிலதானே சொன்னீங்க? இல்லேங்கறதையும் அங்கயே வந்து, இந்தியிலயே சொல்லுங்க சார்."

நால்வரும் வெளியே வந்தார்கள். ஷிப்ட் மாறும் கூட்டம் ஜீப்பைச் சுற்றி நின்றது. இஸ்மாயில் திருடவில்லை என்று சந்தானம் தாழ்ந்த குரலில் இந்தியில் சொன்னார்.

"இஸ்மாயில்னே சோரி நஹீ கீ."

"பின்னாடி நிக்கறவங்களுக்குக் கேக்கல சார்," என்றார் பக்தவத்சலம்.

சந்தானம் இன்னொரு முறை, கத்திச் சொன்னார்.