ஏரிக்கரை இருமல்

இன்றைக்கு அந்த இருமல் இன்னும் கிட்டத்தில் கேட்டது.

ஜெயசீலி பெருக்குவதை நிறுத்தினாள். பூந்தமல்லி மிஷன் பள்ளியின் சின்ன மியூசியத்தில், பாடம் செய்த கொக்குகளும் நாரைகளும் கண்ணாடிப் பெட்டிக்குள் அசையாமல் நின்றன. பிள்ளைகளுக்கு ஏரியே கண்ணில் நிற்கட்டும் என்று விலங்கியல் வாத்தியார் மணவாளன் போன மாதம் செம்பரம்பாக்கம் கரையில் உட்கார்ந்து பதிவு செய்துவந்த சத்தம், நாணலில் அலை உரசுவதும் மதகில் தண்ணீர் விழுவதும் ஓயாத தவளைகளுமாக, பெட்டிக்குப் பின்னாலிருந்த டேப் ரிக்கார்டரில் ஓடிக்கொண்டிருந்தது. அதற்கு நடுவில்தான் இருமல். குட்டையாக இரண்டு, இழுத்து ஒன்று.

அவள் புருஷன் செபாஸ்டியன் அப்படித்தான் வாசலில் நின்று இருமுவான். கதவைத் தட்டமாட்டான். "வாய்யா, தொறந்துதான் கீது" என்று அவள் குரல் கொடுத்த பிறகுதான் படியேறுவான். அதே ஏரிக்கு வலை போடப் போனவன். இரண்டு வருஷமாகியும் உடல்கூடக் கிடைக்கவில்லை.

"சார், அன்னிக்குக் கரையில உங்க கூட யார்னா இருந்தாங்களா?"

"கொசு இருந்துச்சு, குடும்பத்தோட." மணவாளன் சைக்கிள் சாவியைத் தேடியபடி சிரித்தார். "நல்லாக் கேட்டுக்கோ, ஜெயசீலி. மெஷின் இரவல். நாளைக்குத் திருப்பிக் குடுத்துடணும்."

நாளைக்கு.

அவர் போனதும் அவள் பெஞ்சில் உட்கார்ந்தாள். வீட்டுக்குப் போனால் அடுப்புச் சத்தம்கூட அவள் மூட்டினால்தான் உண்டு. வெளிச்சம் மங்கிக்கொண்டு வந்தது. விளக்குப் போடத் தோன்றவில்லை.

மறுபடி இருமல். இரண்டு. ஒன்று.

இத்தனை நாள் அடக்கி வைத்திருந்தது வாயைத் திறந்துகொண்டு வந்துவிட்டது.

"வாய்யா. தொறந்துதான் கீது."

தவளைகள் நின்றன. எல்லாம், ஒரே நொடியில்.

சேற்று வாசனை. பாசி. சிமெண்டுத் தரையில் ஈரமான, கனத்த காலடி ஒன்று வந்தது. பெஞ்சு முனகியது. அவள் தோளில் ஒரு தோள் பட்டது. சில்லென்று.

அவள் திரும்பவில்லை. கண் நிறைந்துவிட்டது. "வந்துட்டியா" என்று கையை நீட்டினாள். விரல்கள் வந்து அவள் விரல்களுக்குள் கோத்துக்கொண்டன.

அப்போது டேப்பிலிருந்து, மதகுத் தண்ணீருக்கும் அப்பால், வெகு தூரத்தில், மூச்சு வாங்கும் செபாஸ்டியனின் குரல்:

"ஜெயா... நான் இன்னும் தண்ணிலதான் கீறேன். உன் பக்கத்துல குந்திகினு கீறது யாரு?"

கோத்திருந்த விரல்கள் மெல்ல இறுகின.