கிள்ளான் நர்ஸும் முந்திரிக்காட்டுக்காரனும்

டவுன் பஸ் திடீரென்று பிரேக் போட்டதில், ஜெசிந்தாவின் பை நேராக சீட்டில் உட்கார்ந்திருந்த இளைஞனின் மடியில் போய் விழுந்தது.

"ஏங்க... பையப் புடிச்சுக்கிட்டு நிக்கத் தெரியாதா?"

"மன்னிச்சிடுங்க..." என்று குனிந்தவள், நிமிரும்போது அந்தக் கண்களைப் பார்த்தாள். கோபக் கண்கள்தான். ஆனாலும்... இப்படியா கறுகறுவென்று இருக்கும்?

வெளியே மழை கொட்டிக்கொண்டிருந்தது. மலேசியாவின் கிள்ளானிலிருந்து ஒரு மாத மிஷன் ஊழியத்துக்குப் பெரம்பலூர் வந்திருந்த நர்ஸ் அவள். லீவு நாளில் கங்கைகொண்ட சோழபுரம் கோயிலைப் பார்த்துவிட்டு ஜெயங்கொண்டத்துக்குப் பஸ் ஏறியிருந்தாள்.

பையிலிருந்த சிலுவையைப் பார்த்ததும் அவன் முகம் இறுகியது. "மதம் மாத்த வந்தவங்களா?"

"காய்ச்சலுக்கு மாத்திரை கொடுக்க வந்தவங்க. உங்க கோபத்துக்குத்தான் மாத்திரை இல்ல."

அவன் பக்கத்தில் இருந்த நிறைமாதக் கர்ப்பிணியான அவன் அக்கா ஆர்த்தி சிரித்தாள். "எந்தம்பி மணிமாறன் இப்படித்தாங்க. முந்திரிக்காட்டுல கத்திக் கத்திப் பழகிட்டான்."

ஜெசிந்தாவால் சிரிக்க முடியவில்லை. அக்காவின் முகமும் கைகளும் வீங்கியிருந்தன.

"அக்கா... தலை வலிக்குதா?"

"காலையிலேருந்தே வலிக்குது. கண்ணு முன்னால பூச்சி பறக்குற மாதிரி இருக்கு."

ஜெசிந்தா பையிலிருந்த கருவியை எடுத்து அவள் கையில் சுற்றினாள். எண்கள் ஏறிக்கொண்டே போயின. "ரத்த அழுத்தம் ரொம்ப அதிகம். உடனே ஆஸ்பத்திரிக்குப் போகணும்."

"சித்தப்பா வூட்டு விசேஷத்துக்குப் போறோம். சும்மா பயமுறுத்தாதீங்க," என்றான் மணிமாறன்.

"முதல்ல இவங்களை ஆஸ்பத்திரியில சேருங்க. அப்புறம் என்னை எவ்வளவு வேணும்னாலும் திட்டுங்க!"

அவன் பதில் சொல்வதற்குள் ஆர்த்தியின் உடல் விறைத்து வெட்டி இழுத்தது.

"அக்கா!"

ஜெசிந்தா அவளை ஒருக்களித்துச் சாய்த்துப் பிடித்துக்கொண்டாள். டிரைவர் எங்கும் நிறுத்தாமல் பஸ்ஸை ஜெயங்கொண்டம் ஆஸ்பத்திரி வாசலுக்கே விட்டார். ஊசி போட்டு, ஆம்புலன்ஸில் அரியலூருக்கு அனுப்பினார்கள்; ஜெசிந்தாவும் கூடவே ஏறிக்கொண்டாள். வழி முழுக்க மணிமாறன் தன்னையறியாமல் ஜெசிந்தாவின் கையை இறுகப் பற்றியிருந்தான்...

ஆபரேஷன் அறைக் கதவு திறக்க யுகமானது. பெண் குழந்தை. தாயும் பிழைத்துவிட்டாள்.

அவன் சுவரில் சாய்ந்து தேம்பினான். "நான் சொன்னபடி விட்டிருந்தா..."

"விடலையே," என்றாள் அவள்.

அதன்பின் அவள் வேலை செய்த பெரம்பலூர் மருத்துவ முகாமுக்கு ஒரு புது நோயாளி வரத் தொடங்கினான். ஒருநாள் இருமல். மறுநாள் காலில் முள்.

"முள்ளைக் காணோமே?"

"வர்ற வழியில விழுந்துருச்சு போலங்க..."

ஒருநாள் மணிமாறனின் அப்பா சிங்காரவேலு வந்தார். "எம்பொண்ணு உசுரக் காப்பாத்துன. சாகுறவரைக்கும் மறக்கமாட்டேம்மா. ஆனா எம்பையன விட்டுரு. வேற சாமி, வேற தேசம்... எங்க சனம் தாங்காது." கையெடுத்துக் கும்பிட்டார்.

திட்டியிருந்தால் எதிர்த்துப் பேசியிருப்பாள். கும்பிட்டவரிடம் என்ன பேசுவது? மறுநாள் வந்த மணிமாறனிடம், "இனிமே வராதீங்க," என்றாள். அவனும் ரோஷத்தோடு போய்விட்டான்.

ஊருக்குத் திரும்பும் நாள் வந்தது. பெரம்பலூர் பஸ் ஸ்டாண்டில் திருச்சி பஸ் உறுமிக்கொண்டிருந்தது. அவள் ஜன்னலோரம் அமர்ந்தபோது, மழையில் நனைந்தபடி அவன் ஓடி வந்தான்.

"அப்பாகிட்ட சொல்லிட்டேன். நான் கோயிலுக்குப் போவேன், நீங்க சர்ச்சுக்குப் போவீங்க, ஆனா கட்டிக்கிட்டா உங்களத்தான்னு. அவரு என் மூஞ்சியிலயே முழிக்கல. நீங்க என்ன சொல்றீங்க?"

"எங்கப்பாவும் லேசுல சம்மதிக்கமாட்டார்..."

"அப்ப முடியாதுங்கறீங்களா?"

"நான் பேசுறேன்னு சொல்றேன். சம்மதிக்கிறவரைக்கும் பேசுறேன்."

கண்டக்டர் விசில் கொடுத்தார். பஸ் நகர்ந்தது. அவன் கூடவே நடந்தான். ஜெசிந்தா ஜன்னல் வழியே தலையை நீட்டினாள். இப்போது சொல்லாவிட்டால்...

"தினமும் ஜெபத்துல உங்க பேரைச் சொல்றேன். முதல் நாள், இந்த மனுசன் கோபம் குறையணும்னு கேட்டேன்."

"இப்ப என்ன கேக்குறீங்க?"

"ஒண்ணும் கேக்கத் தோணல... பேரை மட்டும்தான் சொல்லிக்கிட்டே இருக்கேன்."