ஜன்னல் கம்பியைத் தொட்டவன்

மழை வந்தால் அழகுமீனாவுக்கு இன்னமும் அந்தச் சண்டைதான் ஞாபகம் வருகிறது...

ஆறு வருடத்துக்கு முன்பு, விருதுநகரில் அவள் படித்த கல்லூரியின் நூலகம். ஆளுக்கு ஒரு புத்தகம்தான் தருவார்கள். விருப்பப் பாடம் எழுதித் தர அன்றே கடைசி நாள். அவள் கையில் முறிவு இயக்கவியல், பொருள்கள் உடைவதைப் பற்றியது. அதைப் படித்தால் வேலை நிச்சயம் என்றார்கள். அலமாரியில் ஒரே பிரதியாகப் பரப்பு இயக்கவியல்... இரண்டு பொருள்கள் உரசும் இடத்தைப் பற்றியது. அம்மா ராக்காயியின் இடக்கைத் தழும்பு, பட்டாசு ஆலையில் அப்படியொரு உரசல் போட்டது.

வீட்டில் முதன்முதலாகக் கல்லூரிக்கு வந்தவள். கேட்க யார் இருக்கிறார்கள்? அவளே முடிவெடுத்து அலமாரிக்குக் கை நீட்டினாள். அதற்குள் ஒருவன் எடுத்துவிட்டான்.

"அது நான் பாத்து வச்சது!"

"உங்க பேரா எழுதிருக்கு?" அவன் கண் மட்டும் சிரித்தது. மழைக்கு முந்தைய வானம் மாதிரிக் கண்... சே, கண்ணைப் பார்க்கவா வந்தோம்? "சரி, எடுத்துக்கிடுங்க. பாவமா நிக்கிறீக."

பாவமா! சுருக்கென்றது.

"உங்க பாவத்த நீங்களே வச்சுக்கிடுங்க."

முறிவைத் தூக்கிக்கொண்டு விறுவிறுவென நடந்தாள். வீம்புக்காக, அம்மாவின் கைக்காக எடுத்த முடிவையே விட்டுக்கொடுத்துவிட்டாளோ...?

திரும்பினாள். புத்தகத்தைத் திறக்குமுன் அவன் ஜன்னல் கம்பியை உள்ளங்கையால் ஒருமுறை தொட்டான்.

அப்படியே நின்றுவிட்டாள். வெடிமருந்து அறைக்குள் போகிறவர்கள், உடம்பிலுள்ள நிலைமின்சாரம் பொறியாகிவிடாமல் இறங்க, வாசலில் செம்புத் தகட்டைத் தொட்டுவிட்டுத்தான் போக வேண்டும். அம்மா வீட்டுக் கதவைக்கூட அப்படித் தொடுவாள்.

"எந்த ஊரு?"

"விஸ்வநத்தம். பேரு சுடலை. லீவுக்கெல்லாம் பட்டாசு வேலை... கை தன்னால போயிருது." தலை குனிந்தான். "எங்கய்யாவும் அங்கனதான்... இருந்தாக."

*இருந்தாக.* இப்போது இல்லை என்று அவளுக்குப் புரிந்தது. வெளியே மழை பிடித்துக்கொண்டது.

முறிவை அலமாரியில் வைத்தாள். படிவத்தில் பரப்பு என்று எழுதினாள்.

"ஒரு புத்தகம், ரெண்டு பேரு. நாள் மாத்தி நாள்."

"சண்டை போடுவீகளே?"

"போடுவேன்."

போட்டாள், பருவம் முழுக்க. தேர்வு முடிந்தது. புத்தகம் மட்டும் நூலகத்துக்குத் திரும்பவில்லை.

"எங்கலே புத்தகம்?" அதே ஜன்னலருகே அதட்டினாள்.

"நாலு நாளா பைக்குள்ளதான் கெடக்கு. குடுத்துட்டா... ஒன்னையப் பாக்க எனக்கு வேற என்ன சாக்கு இருக்கு மீனா?"

அவள் ஜன்னல் கம்பியை ஒருமுறை தொட்டாள். பிறகு அவன் கையைப் பிடித்தாள்.