எழுதாத தாளுக்குப் பதினெட்டு

கெய்ரோ, 1987 ஜூலை. காலை ஒன்பது மணி.

பள்ளி இறுதித் தேர்வு முடிவுகளை வானொலிக்கு அனுப்புமுன் கடைசியாகச் சரிபார்த்தபோதுதான் அந்த எண் கண்ணில் பட்டது. விரும்பியவர்கள் மட்டும் கூடுதல் மதிப்பெண்ணுக்காக எழுதும் சிறப்புக் கணிதத் தாளை இரினி என்ற மாணவி எழுதவே இல்லை. பட்டியலிலோ அதற்குப் பதினெட்டு மதிப்பெண். அவளுடைய தாய்மாமன் தாத்ரோஸ் இதே கணினி மையத்து ஊழியர்.

சிறிது நேரத்தில் தாத்ரோஸின் அடையாள அட்டை பறிபோனது. அவரை ஒரு அறையில் உட்காரவைத்து வாசலில் காவலரை நிறுத்தினார்கள்.

விசாரிக்க வந்த அதிகாரி ஹில்மி அதிகம் பேசாதவர். துணை இயக்குநர் ஷுக்ரி அவருக்குத் தேநீர் கொடுத்து, தான் புரோகிராமைத் திருத்தியதால் இந்த வருடம் மையத்தின் பெரிய கணினியான மெயின்ஃபிரேம் வெகு சீக்கிரம் வேலையை முடித்தது என்றும், கிடைத்த நல்ல பெயரைத் தாத்ரோஸ் கெடுத்துவிட்டார் என்றும் நொந்துகொண்டார்.

புரோகிராமர் சுஹைர் அதை நம்பவில்லை. தாத்ரோஸோடு பல வருடம் வேலை பார்த்தவள் அவள். பெரிய புரோகிராம் ஒவ்வொரு மாணவருக்கும் ஒரு சின்ன புரோகிராமை அழைக்கும்; சிறப்புத் தாளின் மதிப்பெண்ணை எடுத்துத் தருவது அதுதான். சுஹைர் பிழை தேடும் திரையைத் திறந்து, சின்ன புரோகிராமைத் தனியே அழைத்து, இரினியின் எண்ணைக் கொடுத்தாள்.

பூஜ்யம் வந்தது.

"பாத்தீங்களா பாஷா, மெஷின் சரியாத்தான் சொல்லுது," என்று அதிகாரிகளை மரியாதையாக அழைக்கும் சொல்லோடு ஹில்மியிடம் சொன்னார் ஷுக்ரி. "அப்ப பதினெட்டைப் போட்டது மனுஷன் கைதான்."

ஹில்மி எழுந்தார். காப்பாற்ற வந்த சுஹைரே எதிர்சாட்சி ஆகிவிட்டாள். பட்டியலை மறுபடி பார்த்தாள். இரினிக்கு நேர் மேலே ஃபாயிஸா என்றொரு பெண். சிறப்புக் கணிதம், பதினெட்டு.

"ஒரு நிமிஷம் உக்காருங்க பாஷா. நான் இரினியை மட்டும் கூப்பிட்டேன். நேத்து ஓட்டினப்ப அவ மத்தவங்க பின்னாடி வரிசையாத்தானே வந்தா?"

இம்முறை முதலில் ஃபாயிஸாவின் எண்ணைக் கொடுத்து அழைத்தாள். பதினெட்டு. திரையை மூடாமலே இரினிக்காக மறுபடி அழைத்தாள்.

பதினெட்டு.

ஹில்மி நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார். பட்டியலின் நடுவில், அஸ்வான் பக்கத்துப் பையன் ஒருவனை அவரே தேர்ந்தெடுத்தார். அவனும் அந்தத் தாளை எழுதாதவன். அவனுக்கு முந்தையவனின் மதிப்பெண் பதினொன்று. சுஹைர் இருவரையும் வரிசையாக அழைத்தாள். அவனுக்கும் பதினொன்று வந்தது. பட்டியலிலும் அதுவேதான் இருந்தது.

"இந்தப் பையனுக்கும் தாத்ரோஸ்தான் மாமாவா?" என்று ஷுக்ரியிடம் கேட்டார் ஹில்மி.

ஷுக்ரி பட்டியலைத் தன் பக்கம் இழுத்துப் பார்த்தார். சுஹைர் விளக்கினாள்.

"ஒவ்வொரு தடவை கூப்பிடறப்பவும் பழைய மார்க்கை அழிக்கணும் பாஷா. அந்த வரியை எடுத்துட்டாங்க. எழுதாதவங்க வந்தா, முன்னாடி வந்தவங்க மார்க் அப்படியே நிக்குது. முதல் ஆளா கூப்பிட்டா மட்டும்தான் பூஜ்யம்."

"எடுத்தது யாரு?"

"இந்த வருஷம் இதுல கை வெச்சவர் ஒருத்தர்தான். வேகம் வந்துச்சுன்னு அவரே உங்ககிட்ட சொன்னாரே."

அந்த வரி வீண் என்று நினைத்து எடுத்ததை ஷுக்ரி ஒப்புக்கொண்டார். காலையில் பட்டியலைப் பார்த்ததுமே தன் திருத்தத்தின் மேல் சந்தேகம் வந்ததையும் மென்று விழுங்கிச் சொன்னார். ஹில்மி அவரை எழுந்து தன்னோடு வரச் சொன்னார்.

சுஹைர் விட்டுப்போன வரியைச் சேர்த்து மொத்தத்தையும் மறுபடி ஓட்டினாள். வெளியே வந்த தாத்ரோஸ் தன் அட்டையைக்கூடக் கேட்கவில்லை. பதினெட்டு போனால் இரினிக்கு மருந்தியல் கல்லூரி கிடைக்குமா என்றுதான் கேட்டார். சுஹைர் புதுப் பட்டியலை அவர் பக்கம் திருப்பினாள். அந்தப் பதினெட்டு இல்லாமலே அவளுடைய மொத்த மதிப்பெண் அந்தக் கல்லூரிக்குப் போதுமானதாக இருந்தது.

தாத்ரோஸ் வீட்டுக்குத் தொலைபேசி செய்தார். மறுமுனையில் எழுந்த பெண்களின் குலவையில் அவர் ரிசீவரைக் காதிலிருந்து விலக்க வேண்டியதாயிற்று. அறை முழுக்க அது கேட்டது.